கதவுக்குள் போன கை

புத்தூரில், பருத்தித்துறை வீதியோரமாகக் கராச் வைத்திருந்த நமசிவாயத்தின் வாய்க்குப் பயந்தே பலர் தங்கள் கார்களை ஒழுங்காக வைத்திருந்தார்கள். முன்னாலே ஹாண்டிலைப் போட்டு என்ஜினைச் சுழற்றும்போது பெருவிரலைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது, மற்ற விரல்களோடு சேர்த்துத்தான் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் திருப்பி அடிக்கும்போது மணிக்கட்டு போய்விடும் என்று எத்தனை பேரை அவன் திட்டித் தீர்த்திருப்பான்! அந்த மனுசனே ஒருநாள் காலையில், யாரோ ஒருவனை இதே குற்றத்துக்காக ஏசிக்கொண்டு, தானே ஹாண்டிலைப் பிடித்துச் சுழற்றினான். ஏசுகிற ருசியில் பெருவிரல் சுற்றிக்கொண்டது. என்ஜின் திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டு நொறுங்கியது.

குருநகரிலிருந்து சின்னத்தங்கம் அம்மாள் வந்து கட்டினார். முறிவு நெறிவுக்கு அந்த அம்மாளை விட்டால் ஆளில்லை என்று வலிகாமம் முழுக்கப் பேச்சு. கை நீட்டிக் காசு வாங்கினால் கையிலிருக்கிற வித்தை போய்விடும் என்பது அவர் பரம்பரையின் கொள்கை. முறிந்த காலை ஒட்டவைத்த நன்றிக்காக, மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு வந்த ஒருவர் தம்முடைய பழைய கான்வஸ் கூரைக் காரைக் கொடுத்தார். கார் காசில்லையே என்று அம்மாள் அதை வாங்கிக்கொண்டார். தம்பி பிலிப்பு தோணியை விட்டுவிட்டுக் காரோட்டப் பழகிக்கொண்டான். அக்காளும் தம்பியுமாக ஊரூராகப் போய் முறிந்ததையெல்லாம் கட்டினார்கள்.

பனம்மட்டைச் சிம்பு வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்த துணி சுற்றி, நோவெண்ணெய் விட்டு விட்டு, ஒருவழியாகக் கட்டும் அவிழ்ந்தது. கை வெளியே வந்தது. ஆனால் நமசிவாயத்துக்கு அது தன்னுடைய கையாகவே தோன்றவில்லை. விரல்கள் மடங்கின, நிமிர்ந்தன, அவ்வளவுதான். தேத்தண்ணிப் பேணியைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. கண்ணை எடுத்தால் பேணி நிலத்தில்.

அவன் மனைவி குணலட்சுமியின் தமையன் சுருட்டுக் கொட்டில் ஒன்றில் காவல் வேலை பேசி வைத்திருந்தான். நாளைக்குப் பதில் சொல்லவேண்டும். நமசிவாயம் சாமான் பெட்டியை ஏற்கெனவே துடைத்து மூடிவிட்டான். குணலட்சுமி அழவில்லை. அவள் அழாமல் இருந்ததுதான் அவனுக்குப் பெரிய ஆக்கினையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கான்வஸ் கூரைக் கார் கராச் வாசலில் வந்து நின்றது. பின்சீற்றில் இடதுபக்கம் இருந்த சின்னத்தங்கம் அம்மாள், நகர்ந்து நகர்ந்து வலதுபக்கத்தால் மெல்ல இறங்கினார். பிலிப்பு தன் பெரிய உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அதில் இடதுபக்கப் பின்கதவின் கைபிடி கிடந்தது.

"கழண்டு கையோடை வந்திட்டுது அண்ணை. கதவு திறக்க மாட்டனெண்டுது. அக்கா உந்த வயசிலை ஏறி இறங்கிப் படுற பாடு!"

அம்மாள் அவனைக் கவனிக்கவில்லை. "தம்பி, கை எப்பிடி?" என்றார்.

நமசிவாயம் வலது கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டான். "சுகம், பரியாரியம்மா."

"சுகமெண்டால் உந்தக் கதவைத் திருத்து."

ஏலாது என்று சொல்ல வாயெடுத்தவன், கராச்சுக்குப் பின்னே வீட்டு அடுப்படி வாசலில் நின்ற குணலட்சுமியைக் கண்டான். வாயை மூடிக்கொண்டான். சரி, இதுதான் பரீட்சை என்று மனதுக்குள் முடிவு கட்டினான். இந்தக் கதவு திறந்தால் கராச். திறக்காவிட்டால் சுருட்டுக் கொட்டில்.

உடைந்தது கைபிடியின் சதுரத் தண்டு. புதுத் தண்டு ஒன்றைப் பழைய போல்ட்டில் அராவி எடுக்கவேண்டும். அரம் பிடிக்க வலது கைக்குத் தெம்பில்லை. போல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்த வைஸுக்கு முன்னால் பிலிப்பை நிறுத்தி, "தேய்க்கச் சொன்னால் துடுப்பே வலிக்கிறாய்? மெல்ல, மெல்ல! சதுரம் வேணுமடா, மாங்கொட்டையில்லை!" என்று ஏசி ஏசியே அந்தத் தண்டைச் சதுரமாக்கினான் நமசிவாயம். அதைக் கைபிடியில் ஏற்றி அடித்ததும் பிலிப்புதான். இவ்வளவுக்கும் நமசிவாயத்தின் வாய் ஒன்றே வேலை செய்தது.

பிறகு முழங்காலில் காருக்குள் ஏறி, இடது கையால் ஆணிகளைத் திருகிக் கழற்றிக் கதவின் உள்பக்க அட்டையை எடுத்தான். உள்ளே தகட்டில் ஒரு துவாரம். அதற்கு அப்பால் இருட்டு. பூட்டு அந்த இருட்டின் மூலையில் இருந்தது. தண்டின் முறிந்த துண்டு பூட்டுக்குள் சிக்கிக் கிடந்தது. அதைத் தட்டி விழுத்தி, புதுத் தண்டை வெளியிலிருந்து செருகி, முளையை விட்டு நழுவிய சின்ன ஸ்பிரிங்கை மறுபடி முளையில் மாட்டவேண்டும். எல்லாம் காணாமல், தடவித்தான்.

பிலிப்பு கையை நுழைத்துப் பார்த்தான். மணிக்கட்டுக்கு முதலே இறுகிவிட்டது. நமசிவாயத்தின் இடது கை உள்ளே போனது, ஆனால் பூட்டு இருந்த பக்கத்துக்கு அது மடங்கவில்லை. போகக்கூடிய கை ஒன்றே ஒன்று. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

நமசிவாயம் சால்வையை உதறினான். வலது கையை மெல்ல உள்ளே விட்டான். துண்டை விழுத்துவது அவ்வளவு பாடாயில்லை. தட்டினால் விழும், விழுந்தால் சத்தம் கேட்கும். தண்டையும் பிலிப்பு வெளியிலிருந்து செருகிவிட்டான். ஆனால் ஸ்பிரிங்? விரலில் ஏதோ படுவது தெரிந்தது. அது ஸ்பிரிங்கா, தகட்டு விளிம்பா, தன்னுடைய மற்ற விரலா? தெரியவில்லை. பிடித்தான் என்று நினைத்தான். நழுவியது. மறுபடி பிடித்தான். மறுபடி நழுவியது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துவாரத்துக்குள் எட்டிப் பார்க்கப் பார்த்தான். சொந்தக் கையே மறைத்தது.

"ஏலாது," என்றான் நமசிவாயம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவனுக்கு வெட்கமாகக்கூட இருக்கவில்லை. அப்படி ஒரு களைப்பு. "கை செத்துப்போச்சு, பரியாரியம்மா."

சின்னத்தங்கம் அம்மாள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வெற்றிலையை மடித்தபடி, "கரவெட்டியிலை தில்லைநாதன் எண்டொருத்தன் கராச் போட்டிருக்கிறானாம்," என்றார். "நல்ல வேலைகாரனாம். உன்னிலும் திறமாம். எங்கடை பிலிப்பு அவனட்டைத்தான் போவமெண்டவன்."

"நான் எப்ப சொன்னனான்?" என்று பிலிப்பு தொடங்கினான். அம்மாள் காலால் அவன் காலை மிதித்தார்.

"ஆர், தில்லைநாதனோ?" நமசிவாயத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. "உவன் வேலைகாரனோ? பிறேக் இறுக்கச் சொன்னால் ஹோர்ணைக் கழட்டுறவன்! போன தைப்பொங்கலுக்கு ஒரு வாத்தியாற்றை கார் உவனட்டைப் போய், வரேக்கை மாடு கட்டி இழுத்தெல்லோ கொண்டு வந்தவை? கேட்டுப் பாருங்கோ ஊரிலை! உவன் என்னட்டைத்தானே ரெண்டு வருசம் வேலை பழக நிண்டவன், ஒரு ஆணியை ஒழுங்காத் திருகத் தெரியாமல்—"

டிக்.

சின்னச் சத்தம். நமசிவாயம் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டான். ஸ்பிரிங் முளையில் இருந்தது. யார் மாட்டினார்கள்? அவன் மாட்டவில்லை. அவன் தில்லைநாதனை அல்லவா ஏசிக்கொண்டிருந்தான்! கை, அந்தச் செத்த கை, இருட்டுக்குள் தன்பாட்டில் தேடி, பிடித்து, இழுத்து, மாட்டிவிட்டு அமைதியாக இருந்தது.

இப்போது அவன் அசையாமல் விரல்களைக் கேட்டான். அவை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கின. இது பூட்டின் முகம், குளிராக இருக்கிறது. இது முளை. இது ஸ்பிரிங்கின் கொளுக்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு. இது ஆணித்தலை, இதில் ஒரு கீறல். மயிரளவு கீறல்! எத்தனையோ வருடம் எத்தனையோ கதவுக்குள் கைவிட்டிருக்கிறான், ஒருநாளும் இதை அதிசயமென்று நினைத்ததில்லை. காணாத இடத்தில் விரல் காண்கிறதே, இது என்ன கொடுப்பினை! அவன் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க மனமில்லாமல் கையை உள்ளேயே வைத்திருந்தான்.

எலும்பு பொருத்திய அன்றும் அம்மாள் இப்படித்தான் செய்தார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. புகையிலை விலையைப் பற்றி அவனிடம் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோதே மணிக்கட்டை இழுத்துவிட்டிருந்தார்.

இறங்கி வெளிப்பக்கம் வந்து கைபிடியைத் திருப்பினான். கதவு திறந்தது. சாத்தினான். திருப்பினான். திறந்தது. குணலட்சுமி அடுப்படி வாசலிலேயே குந்திவிட்டாள். இத்தனை நாளும் வராத அழுகை இப்போது வந்தது.

"பரியாரியம்மா," என்றான் நமசிவாயம். "உண்மையைச் சொல்லுங்கோ. வேணுமெண்டே கைபிடியை முறிச்சனீங்களோ?"

"சீ! அது தன்பாட்டிலை முறிஞ்சது." அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "முறியாட்டி வேறை என்னத்தையாவது முறிச்சுக்கொண்டு வந்திருப்பன்."

"ஏன்?"

அம்மாள் காருக்குள் ஏறி அந்தக் கதவருகே உட்கார்ந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். அட்டை இன்னும் போடப்படாத துவாரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"மணிக்கட்டுக்குள்ளை சின்னச் சின்ன எலும்பு, தம்பி. அண்டைக்கு இழுத்துவிடேக்கை என்ரை ஒரு விரல் பொருந்திப்போட்டுதெண்டது. மற்ற விரல் இல்லையெண்டது. எதை நம்புறது? உள்ளுக்கை போய்ப் பாத்தது ஆர்? ஊரெல்லாம் என்னைப் பெரிய ஆளெண்டுது. நான் உன்ரை கையைக் கட்டின நாள் துவக்கம் நித்திரையில்லாமல் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு கிடக்கிறன்."

நமசிவாயம் யாரையும் ஏசாமல் கதவோரம் வந்து நின்றான். அவனுடைய ஆயுளில் அது அபூர்வம்.

"உதுக்குள்ளை நானும் ஒருக்கால் கை வைச்சுப் பாக்கட்டோ?" என்றார் அம்மாள். கேட்டது சிறுபிள்ளையின் குரலாக இருந்தது.

"வையுங்கோ. நேரை விட்டு, கொஞ்சம் கீழை. ஓம், அங்கைதான்."

ஒடுங்கிய அந்தக் கை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மற்றக் கையைக் கதவுக்கு மேலால் வெளியே நீட்டி நமசிவாயத்தின் வலது மணிக்கட்டைப் பற்றினார்.

"இப்ப திருப்பு."

அவன் திருப்பினான். உள்ளே தண்டு சுழன்றது, பூட்டின் நாக்கு பின்வாங்கியது, ஸ்பிரிங் இழுபட்டுத் திரும்பியது. மற்றக் கைக்குள் மணிக்கட்டின் சின்ன எலும்புகளும் கூடவே அசைந்தன. அம்மாள் மூச்சை உள்ளே இழுத்தார். சற்றுமுன் தனக்கு வந்த அதே மலைப்பை நமசிவாயம் அந்த முகத்தில் கண்டான்.

"ஐயோ மாதாவே," என்றார் சின்னத்தங்கம் அம்மாள், கண்ணைத் திறக்காமலே. "இஞ்சையும் ஓடுது. அங்கையும் ஓடுது. இன்னொருக்கால் திருப்பு, தம்பி."

அவன் இன்னொருக்கால் திருப்பினான்.