வியாகுல மாதா பங்கில் பாவம் மறந்த மார்கழி

நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே இருக்கும் வியாகுல மாதா கோயிலின் பங்கில், டிசம்பர் பதினேழாம் தேதி காலையிலிருந்து, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களுக்கெல்லாம் சொன்ன பாவம் சொன்ன கையோடு மறந்துபோனது. அன்று பூசைக்கு முன், பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டான தொட்டியில் முதல் ஆளாக முழந்தாளிட்டவர் தொம்மை. அவர் பாவம் ஊருக்கே தெரிந்ததுதான். பக்கத்து மனைக்காரர் விருமாண்டியின் எல்லைக்கல்லைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நட்டிருந்தார். வெளியே வந்த தொம்மை, வாசலில் நின்ற விருமாண்டியிடம் அந்தக் கல் தன் தாத்தா காலத்திலிருந்து அங்கேயேதான் இருக்கிறது என்று கர்த்தர்மேல் ஆணையாகச் சொன்னார். “அண்ணே, நேத்து வரைக்கும் ஒத்துக்கிட்டுத்தானே சண்டை போட்டீக?” என்று கேட்ட விருமாண்டிக்கு, தொம்மையின் முகத்தில் கள்ளம் இல்லாததைப் பார்த்ததும் மேற்கொண்டு திட்ட வாய் வரவில்லை. பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம், மறந்துபோனவனோடு எப்படிப் போடுவது? விருமாண்டி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறதிக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பாவம் செய்தவருக்கு மட்டும்தான் மறந்தது, பட்டவருக்கு மறக்கவில்லை. பாவத்தை மட்டும் தனியே உரித்து எடுக்க முடியாததால் அது நடந்த பொழுதும் சேர்ந்து போனது. அக்காள் கல்யாணத்தில் நகைக்காகச் சண்டை போட்டதைச் சொன்ன ஒரு பெண்ணுக்கு அந்தக் கல்யாணமே நினைவில் இல்லை. ஆல்பத்தில் தன்னைப் பார்த்துவிட்டு இந்தப் பட்டுப்புடவை யாருடையது என்று கேட்டாள். பல்கலைக்கழகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் ஒருவர் கெட்டிக்காரத்தனமாகத் தன் பாவங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனார். வெளியே வந்து படித்துப் பார்த்து, கையெழுத்து தன்னுடையதுதான், ஆனால் இதையெல்லாம் செய்கிற ஆள் தான் இல்லை என்று சொல்லிக் கிழித்துப் போட்டார். ஊரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்த இன்னொருவர் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறித் திண்டுக்கல் போய், முன்பின் தெரியாத சாமியாரிடம் சொன்னார். திரும்பி வரும்போது தான் எதற்காகத் திண்டுக்கல் போனோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆக, இது இடத்தைப் பிடித்ததல்ல, இந்தப் பங்கின் ஆட்களைப் பிடித்தது என்று முடிவானது.

மறக்காத ஒரே ஆள் பங்குச்சாமியார் இன்னாசி. முன்பெல்லாம் சொன்ன பாவத்தில் பாதியையாவது சொன்னவரே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவார். இப்போது மொத்தமும் அவர் தலையில் இறங்கியது, வெளியே சொல்லவும் முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிர் போனாலும் சாமியார் சொல்லக் கூடாது. அவர் ஆயர் இல்லத்துக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்துமஸ் வேலைகள் முடியட்டும், ஜனவரியில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. பங்கு மக்கள் அதற்குள் பழகிவிட்டார்கள். குடிலுக்குச் சிமெண்ட் சாக்கை நனைத்து மலை செய்தார்கள், தட்டுகளில் கேழ்வரகு முளைக்கப் போட்டார்கள், பாடகர் குழுவில் ஆர்மோனியம் யாருக்கு என்று வழக்கம்போல் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் இந்தக் கடைசி எட்டு நாளில் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது தொட்டிக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். இந்த வருடம் இரண்டு தடவை போனவர்களும் உண்டு, முதல் தடவை போனது மறந்துவிட்டதால்.

போகாமல் இருந்தவள் மலையம்மாள். திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஞானஸ்நானத்தில் அமலோற்பவம் என்று பெயர் வாங்கி, சந்தியாகுவைக் கட்டிக்கொண்டவள். புதுப் பெயரைப் பங்குப் புத்தகத்தைத் தவிர வேறு யாரும் கூப்பிட்டதில்லை. சந்தியாகு எலக்ட்ரீசியன், கோயில் கோபுரத்து நட்சத்திரம், சீரியல் பல்பு, மைக்செட் எல்லாம் அவர் பொறுப்பு. போன வருடம் திருவருகைக் காலத்தின் நாலாம் ஞாயிறு மாலை, நட்சத்திரத்தில் எரியாத பல்பை மாற்ற ஏறியவர், ஏணி சறுக்கி விழுந்து அங்கேயே முடிந்துபோனார். அடக்கத்தன்று மலையம்மாள் அழவில்லை. அழுகை வந்தால் அழலாம் என்று அவளும் காத்துத்தான் பார்த்தாள், வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. தோசைக்கல்லில் கை பட்டால் தோல் கருகும் வாசனையை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள். மகள் திவ்யா நர்சிங் இரண்டாம் வருடம் முதல் வகுப்பில் தேறியதைச் சொன்னபோது, சரி என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அவளிடம் ஒன்றே ஒன்று உயிரோடு இருந்தது. சந்தியாகு விழுந்த அந்த மாலை அவள் கோயிலுக்குள் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றிருந்தாள். முன்னால் இரண்டே பேர். இந்தப் பங்கில் அந்த வரிசையிலிருந்து ஒருவர் விலகினால் அவரைச் சாத்தான் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான் என்று பழைய உபதேசியார் ஒருவர் சொல்லிக் கொடுத்து, அது நிலைத்துவிட்டது. விலகியவருக்குத் திரும்ப இடம் கொடுக்க மாட்டார்கள். அப்போதுதான் வெளியிலிருந்து சந்தியாகு கூப்பிட்டார். “மலை, இந்த ஏணியக் கொஞ்சம் பிடிக்க வா.” அவள் கேட்டும் கேட்காததுபோல் நின்றாள். முக்கால் மணி நேரமாகக் கால் கடுக்க நின்றிருக்கிறாள், இந்த மனுசனுக்கு இப்போதுதான் அவசரம் என்று எரிச்சல். இரண்டாம் தடவை வெறுமனே “மலை” என்றார். அதில் கோபம் இல்லை, இருக்கியா என்று கேட்பதுபோல் கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கிய குரல். அவள் திரும்பவில்லை. பிறகு அவர் தனியாக ஏறினார். அந்த இரண்டாவது கூப்பிடுதலை மலையம்மாள் ஒரு வருடமாக மாவரைக்கும்போதும் துணி அலசும்போதும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அது நெஞ்சைக் கிழித்தது. உடம்பில் வலி தெரிந்த ஒரே இடம் அதுதான் என்பதால் அதை அவள் விடவில்லை.

டிசம்பர் இருபத்திரண்டு திங்கட்கிழமை காலை சந்தியாகுவுக்கு வருசப் பூசை. கணவனின் முதல் வருசப் பூசையில் மனைவி நற்கருணை அப்பம் வாங்கி ஒப்புக்கொடுத்தால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆத்துமா அன்றைக்கே மோட்சத்துக்கு ஏறிவிடும் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. மலையம்மாளுக்கும் அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் பாவத்தை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கினால் அது தேவதுரோகம், அவருக்கு இன்னும் கேடு. பாவத்தைச் சொன்னாலோ அந்தக் குரல் போய்விடும். அவரை மேலே அனுப்பினால் குரல் இல்லை. குரலை வைத்துக்கொண்டால் அவர் அங்கேயே கிடந்து வேக வேண்டும். ஐந்து நாளாக இதைத்தான் அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் என்னவென்று அறியாத திவ்யா, “அம்மா, அப்பாவுக்கு வருசப் பூசை. நீ மட்டும் பெஞ்சில ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? எல்லாரும் போய்ட்டு வாராங்கல்ல, நீயும் போய்ட்டு வா” என்று தினமும் சொன்னாள்.

சனிக்கிழமை குழாயடியில் மலையம்மாளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்றைக்கு வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவள் சுந்தரம்மாள். இரண்டாம் தடவை சத்தம் வந்தபோது அவள் முதுகில் தட்டி, கூப்பிடுறாரு என்று சொன்னவள், உடனே “போனா எடம் போயிரும், பாத்துக்க” என்றும் சொன்னாள். அதைப் பற்றி இருவரும் ஒரு வருடமாக வாய் திறந்ததில்லை. ஆனால் குழாயடியில் எதிர்ப்படும்போதெல்லாம் சுந்தரம்மாள் தலையைக் குனிந்துகொள்வாள். அதை வைத்தே அவளுக்கும் எல்லாம் நினைவிருக்கிறது என்று மலையம்மாளுக்குத் தெரியும். நமக்கு மறந்தாலும் இவளிடம் இருக்கும், என்றைக்காவது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் கிட்டே போனாள். சுந்தரம்மாள் நிமிர்ந்து முகத்துக்கு நேரே பார்த்துச் சிரித்தாள். அப்போதே மலையம்மாளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

“சுந்தரக்கா, போன வருசம் பாவசங்கீர்த்தனத்துக்கு எனக்குப் பின்னாடிதான நின்ன?”

“நானா? போன வருசம் நான் எங்கடி வந்தேன்.”

“அவரு வெளியருந்து கூப்பிட்டாரே. நீகூட முதுகுல தட்டுனியே.”

“யாரு கூப்பிட்டா?” என்றாள் சுந்தரம்மாள். பிறகு, பாவம், இவளுக்கு ஒரு வருடம் ஆகியும் தெளியவில்லை என்று இரக்கப்பட்டு, தன் முறையை விட்டுக்கொடுத்து முதலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவள் வியாழக்கிழமையே தொட்டிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். ஆக, சந்தியாகு கூப்பிட்டார் என்பது உலகத்தில் இப்போது ஓர் ஆளிடம் மட்டும்தான் இருந்தது. அந்த ஆளும் மறந்துவிட்டால் அவர் யாரையும் கூப்பிடவே இல்லை என்று ஆகிவிடும். மலையம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் தண்ணீர் தளும்பிச் சேலை நனைந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் நாலாம் ஞாயிறு. மாலை மலையம்மாள் வரிசையில் நின்றாள். முன்னால் இருபத்தேழு பேர். ஒன்றரை மணி நேரம் நின்றாள், யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தன் முறை வந்ததும் உள்ளே போய் முழந்தாளிட்டாள். தொட்டிக்குள் பேசுவது யாருக்கும் தெரியக் கூடாது, எனவே இங்கும் எழுத முடியாது. அடுத்து நின்றவர் கேட்டது மட்டும் இது: உள்ளே வெகுநேரம் பெண் குரல் தணிந்து பேசியது. பிறகு சாமியாரின் குரல் “மலை” என்றது. பெண் குரல் ஏதோ திருத்தியது. சாமியார் மறுபடி “மலை” என்றார், இந்தத் தடவை கடைசியில் கொஞ்சம் தூக்கி. மூன்றாம் தடவையும் அப்படியே. பாவத்துக்குச் சாமியார் போடும் அபராதத்தில் இது என்ன புதுவிதம் என்று வெளியே நின்றவர் குழம்பினார். மறக்காத ஆள் ஊரில் ஒருவர்தான், அந்தக் குரலை வைத்துவிட்டுப் போவதென்றால் அவரிடம்தான் வைக்க வேண்டும் என்று மலையம்மாள் கணக்குப் போட்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அவள் வெளியே வந்தாள். அபராதமாகக் கிடைத்த ஐம்பத்து மூன்று மணி செபமாலையைச் சொல்லி முடித்தாள். திவ்யாவிடம், ராத்திரிக்கு ரவா உப்புமா போதுமா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலை வருசப் பூசை நடந்தது. மலையம்மாள் மகளோடு வரிசையில் போய் நற்கருணை வாங்கி, கண்ணை மூடி, சந்தியாகுவின் ஆத்துமாவுக்காக ஒப்புக்கொடுத்தாள். நம்பிக்கைப்படி பார்த்தால் அவர் அந்த நேரத்தில் மேலே போயிருக்க வேண்டும். பூசை முடிந்ததும் வந்தவர்களுக்குக் கோபுரத்துக்குக் கீழே டீயும் பன்னும் கொடுத்தார்கள். சாமியாருக்குச் சர்க்கரை நோய் என்பதால் இனிப்பில்லாத டீயைத் தனியே ஊற்றிவைத்து மலையம்மாளே கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தாள்.

“இம்புட்டு ஒசரம் ஏறுற மனுசன், ஏணியப் பிடிக்க ஒரு ஆளக் கூப்பிடணும்னு தோணல பாருங்க சாமி. வீடு என்ன தூரமாவா இருக்கு. ஒரு சத்தம் குடுத்திருந்தா போட்டது போட்டபடி ஓடி வந்திருப்பேனே.”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வருடமாக வராதது வந்தது. இப்படி வாயை மூடிக்கொண்டு ஏறி விழுந்து என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று, மற்றப் பெண்களைப்போலவே செத்தவரை வைது, மூக்கைச் சிந்தி, திவ்யா தோளில் சாய்ந்து அழுதாள். சுந்தரம்மாளும் கூட அழுதாள். சாமியார் டீக் கிளாசைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்குத் தொண்டை வரை ஒரு சொல் வந்து நின்றது, அதை எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

“ஓடி வந்திருப்பீங்கம்மா” என்றார்.

பிறகு டீயைக் குடித்து முடித்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது, தொட்டிக்கு முன்னால் முப்பது பேருக்குமேல் நின்றிருந்தார்கள். அவர் உள்ளே போய் உட்கார்ந்து, அடுத்தவரை வரச் சொன்னார்.