குடும்பத் திட்டத்திலிருந்து விலகும் முறை

எங்கள் குஷன் கடையில் கொஞ்ச காலமாக யாரும் யாரோடும் பேசுவதில்லை. சோபாவோடுதான் பேசுகிறார்கள்.

"பசை தீந்துபோச்சு. தெரிஞ்சுக்க வேண்டியவங்க தெரிஞ்சுக்கலாம்" என்று அண்ணன் சோபாவின் முதுகைப் பார்த்துச் சொல்வான். "நேத்தே வாங்கி வச்சாச்சு. கண்ணு இருக்கிறவங்க அலமாரியில பாக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் அதே சோபாவின் கைப்பிடியிடம் பதில் சொல்வார். அந்த சோபா பாவம், யார் வீட்டுச் சொத்தோ, ரிப்பேருக்கு வந்த இடத்தில் இப்படி அகப்பட்டுக்கொள்ளும். நான் மூலையில் தையல் மெஷினில் உறை தைத்துக்கொண்டிருப்பேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது அடித்தால் சத்தம் போடும்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு ஒரு நீள சோபா செய்தோம். துணி முழுக்கப் பறவைகள். என் வீட்டுக்காரர் துணியைத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டார். எல்லாப் பறவையும் தலைகீழாகப் பறந்தது. யாருக்கும் நடப்பதுதான். அண்ணன் டாக்டரம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவனோ, "எங்க மாப்பிள்ளைக்கு மேல எது கீழ எதுன்னு தெரியாதும்மா, நாங்கதான் பாத்துக்கணும்" என்றான். டாக்டரம்மா எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். என் வீட்டுக்காரர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். அன்றைக்கு மூடிய வாய்தான் இரண்டு பேருக்கும்.

அதற்கப்புறம் ஒரு நாள் அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு கடையைப் பார்த்துச் சாவியும் வாங்கி வந்துவிட்டார். தனிக்கடையாம். என்னிடம் சொன்னார். அண்ணன் சோபாவிடமிருந்து தெரிந்துகொண்டான்.

அண்ணனுக்கு எங்களை விட்டால் ஆளில்லை. கடைக்குப் பின்னறையில்தான் அவன் குடியிருப்பு, எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தையல் மெஷின் ஒன்று, தைக்கிறவளும் ஒருத்தி. நான் எந்தக் கடையில் உட்காருவேன்? இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டதெல்லாம் ஒரே ஒரு உதவி: "அந்த போன் கான்ட்ராக்டை முடிச்சுக் குடு."

அதுதான் முடிச்சு. வருடங்களுக்கு முன்னால் அண்ணன் தன் பெயரில் 'குடும்பத் திட்டம்' என்று ஒன்று போட்டான். அவனுக்கு ஒரு நம்பர், என் வீட்டுக்காரருக்கு ஒரு நம்பர். வாடிக்கையாளர் அத்தனை பேரும் கூப்பிடுவது என் வீட்டுக்காரர் நம்பரைத்தான். கடைப் பலகையிலும் அதுதான். புதுக்கடைக்கு அந்த நம்பர் இல்லாவிட்டால் அவர் ஈ ஓட்டவேண்டியதுதான். நம்பர் அவர் பெயருக்கு வரவேண்டுமென்றால் அண்ணன் கான்ட்ராக்டை முடிக்கவேண்டும். மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் அது தானாகவே இன்னும் இரண்டு வருடத்துக்கு நீளும். இதை இரண்டு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து பேசி முடித்திருக்கலாம். பேசினால்தானே.

நானே போன் செய்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று ஓர் இயந்திரம் என்னை வீடு வீடாக அலையவிட்டது. புதிதாகச் சேருவதற்கு ஒரு எண் இருந்தது, கூடுதலாக வாங்குவதற்கு ஒன்று, பாட்டு வைப்பதற்கு ஒன்று. விலகுவதற்கு இல்லை. கடைசியில் ஒரு மனிதக் குரல் கிடைத்து, எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும் என்றது. எழுதினேன். அண்ணன் படிக்காமலே, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அனுப்பினேன்.

இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து அண்ணனுக்கு அழைப்பு வந்தது. "நீங்க விலகணும்னு கேட்டிருக்கீங்க, உறுதிதானா சார்?" ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி சோபாவைப் பார்த்து முழங்கினான். "போறவங்க போகட்டும். இருக்கிறவங்க இருக்கட்டும். நாம யாரையும் பிடிச்சு வச்சுக்கல."

அன்று சாயங்காலமே செய்தி வந்தது. 'தொடர்ந்து எங்களுடன் இருக்க முடிவு செய்தமைக்கு நன்றி.'

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். மறுநாள் அவர்களுடைய ஷோரூமுக்கே போனேன். கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, மேசைக்கு அந்தப் பக்கம் டை கட்டிய ஒரு மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீரெல்லாம் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் தண்ணீர் தம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சேர்றதுக்கு இங்க வரலாம் மேடம். விலகுறதுக்கு போன்லதான் பேசணும்."

"உள்ள வர வாசல் வச்சிருக்கீங்க, வெளிய போக வைக்கலையா?"

"அது எங்க பிரிவு இல்ல மேடம்."

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் குஷன் பிய்ந்து நுரை எட்டிப் பார்த்தது. ஒட்டித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். உங்களுக்கு வேண்டியதுதான் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுபடியும் நோட்டீஸ், மறுபடியும் அழைப்பு. இந்த முறை அண்ணனிடம் முன்கூட்டியே கெஞ்சியிருந்தேன். "அண்ணே, ஆமான்னு மட்டும் சொல்லு. உபதேசம் வேண்டாம்." சரி என்றுதான் தலையாட்டினான். ஆனால் போனில் அவர்கள், "அந்த இன்னொரு நம்பரை யார் சார் வச்சிருக்காங்க? அவங்களுக்கும் சம்மதமா?" என்று கேட்டுவிட்டார்கள். அண்ணன் பதிலே சொல்லாமல் போனை சோபாவின்மேல் வைத்துவிட்டு நகர்ந்தான். வேண்டியவர் எடுத்துப் பேசட்டுமாம். வேண்டியவர் எடுப்பாரா? அவர் பாட்டுக்கு ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். போன் சோபாவில் மல்லாந்து கிடந்து "ஹலோ, ஹலோ" என்று கத்தி, கத்தி, அணைந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 'வாடிக்கையாளரிடமிருந்து பதில் இல்லை. உங்கள் திட்டம் தொடரும்.'

மாதத்தின் கடைசி நாளும் வந்தது. காலையில் என் வீட்டுக்காரர் தன் ஊசிகளையும் சுத்தியலையும் ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு ஒரு ஒற்றை நாற்காலிக்கு நுரை வெட்டினான். கோணலாக வெட்டினான். அவன் கை கோணியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, நம்ம மூஞ்சியே தெரியாத கம்பெனி. அது இவரை விடமாட்டேன்னு உடும்புப் பிடியா பிடிக்குது. ரெண்டு தரம் நோட்டீஸ் குடுத்தும் போகாதே போகாதேன்னு கெஞ்சுது. நீ ஒரு தரம், ஒரே ஒரு தரம், ஏன் போறீங்கன்னு கேட்டியா?"

அண்ணன் சோபாவைப் பார்த்தான். "அதைப் பாக்காதே" என்று கத்திவிட்டு கம்பெனி நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். "இன்னைக்கு ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசுங்க. இல்லைன்னா ரெண்டு கடைக்கும் நான் வரமாட்டேன். உறையை அவங்கவங்களே தைச்சுக்குங்க."

நெடுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் குரல் வந்தது, சின்ன வயசு, தேன் ஒழுகும் பேச்சு. வாடிக்கையாளரை விலகவிடாமல் பிடித்து வைப்பதற்கென்றே உட்கார வைத்த பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. நம்பரையும் நோட்டீஸ் கொடுத்ததையும் சொன்னேன்.

"திட்டம் யார் பேர்ல இருக்கோ அந்த சார் பேசலாமா? விலகுறது உறுதிதானா சார்?"

அண்ணன் நுரை வெட்டும் கத்தியை மடக்கினான், விரித்தான்.

"சார்? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னா போதும் சார்."

"போறவங்ககிட்டயே கேளும்மா" என்றான் கடைசியில். இந்த முறை குரலில் முழக்கம் இல்லை.

"சரி சார். அந்த நம்பரைப் பயன்படுத்துறவர் இருக்காரா? சார், வணக்கம். இத்தனை வருஷம் எங்களோட இருந்துட்டு ஏன் சார் போறீங்க? எங்க பக்கம் ஏதாவது குறையா?"

என் வீட்டுக்காரர் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். அந்தப் பெண் கேட்டது போனைப் பற்றி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஆறு வயசுப் பிள்ளை முறையிடுகிற மாதிரிதான் அவர் பதில் சொன்னார்.

"குறைன்னு சொல்ல முடியாதும்மா" என்றார். "நல்லாத்தான் இருந்தோம். வெளியாள் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. தப்பு என்னோடதுதான், இல்லைங்கல. தனியா கூப்பிட்டு நாலு அறை விட்டிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். வெளியாள் முன்னாடி சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் என்ன ஏதுன்னு கேக்கவும் இல்ல."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் வாசிக்கிற குரலில் சொன்னாள். "எங்க ஊழியர் யாராவது உங்க மனசு நோகும்படி பேசியிருந்தா, அதுக்காக மனப்பூர்வமா மன்னிப்புக் கேட்டுக்கிறேன் சார். நீங்க எங்களுக்கு ரொம்ப முக்கியமானவங்க."

என் வீட்டுக்காரர் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரவாயில்லம்மா. நீயாவது கேட்டியே."

அவ்வளவுதான், அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது. கத்தியைத் தரையில் போட்டுவிட்டு போனைப் பார்த்துப் பாய்ந்தான்.

"ஏம்மா, நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கிற? நீயா சொன்ன? சொன்னவன் நான்!"

"சார், நீங்க எங்க ஊழியரா?"

"நான் இவருக்கு மச்சான்!"

"ஓ... சரி சார்."

அண்ணன் திரும்பினான். நடுவில் சோபா இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வந்து என் வீட்டுக்காரர் முன்னால் நின்றான்.

"அந்தம்மா முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மாப்ள. அவங்க சிரிச்சதும் எனக்கே சுருக்குன்னுச்சு. அப்பவே சொல்லியிருப்பேன். நீங்க முகத்தைத் திருப்பிட்டீங்க. எனக்கும் வீம்பு."

என் வீட்டுக்காரர் பையைக் கீழே வைக்கவில்லை.

போனிலிருந்த பெண்ணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சார், அப்போ விலகல் கோரிக்கையை ரத்து பண்ணிடலாமா? இன்னும் ரெண்டு வருஷம் நம்மளோடவே இருக்கலாம்."

"வேண்டாம்" என்றான் அண்ணன். "ஆமா, உறுதி. நிறுத்திடு. அந்த நம்பரை மாப்ள பேருக்கே குடுத்துடு. பேசிப் பேசி அவர் சம்பாதிச்ச நம்பர் அது, என் பேர்ல எதுக்கு?" கொஞ்சம் நிறுத்தினான். "ஆள் மட்டும் இங்கேயே இருக்கட்டும்."

"ஆளைப் பத்தி எங்க திட்டத்துல ஒண்ணும் இல்ல சார்."

"உன்னைக் கேக்கலம்மா."

நான் மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் கோணலாக வெட்டப்பட்ட அந்த நுரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பையை மேசைமேல் வைத்துவிட்டு சட்டைப் பையைத் தடவினார்.

"சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன், மச்சான்" என்றார்.

"தனியா எதுக்கு? நானும் வரேன்."

இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. படி இறங்கும்போதே அண்ணன், அந்தப் புதுக்கடைக்காரன் எப்படிப்பட்டவன், சாவியை வாங்கிக்கொள்வானா, தகராறு செய்வானா என்று நேருக்கு நேர் கேட்டுக்கொண்டு போனான். அவரும் நேருக்கு நேர் பதில் சொல்லிக்கொண்டு போனார்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன். "எல்லாம் பதிவாயிடுச்சு. விலகுற காரணம் மட்டும் ஒண்ணு போடணும், அப்பத்தான் சிஸ்டம் ஏத்துக்கும். சேவையில குறை, வேற கம்பெனிக்குப் போறாங்க, இடம் மாறிப் போறாங்க. இதுல எது மேடம்?"

"யாரும் எங்கேயும் போகலம்மா" என்றேன்.

"அப்படி ஒண்ணு இதுல இல்ல மேடம்."

"இல்லைன்னா சேத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த உறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.