ஓடிக்கொண்டிருந்த பட்டறை

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகலில், கதவுக் கீல்கள் செய்யும் பட்டறையின் வாயில் பூட்டியிருந்தது. பூட்டின் துவாரத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது. புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்குப்படி அப்பட்டறை பிப்ரவரி மாதத்திலும் குறைவின்றி ஓடியது. அக்கணக்கை எழுதிய கள அலுவலர் இப்போது அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

சன்னல் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்து உள்ளே பார்த்தாள். அழுத்து இயந்திரங்கள் வரிசையாக நின்றன. மூன்றாவதன் கைப்பிடியில் மஞ்சள் பூப்போட்ட துணி சுற்றியிருந்தது. இரும்புப் பிடி உரசி மாமாவின் உள்ளங்கை கொப்பளித்தபோது, அக்கா தலையணை உறையொன்றைக் கிழித்துக் கொடுத்த துணி அது. மாமா, அக்காவின் கணவர், நவம்பரில் பட்டறை மூடியதும் வேலை இழந்தார்.

அது அவளுக்குத் தெரியும். அக்கா தொலைபேசியில் அழுதிருந்தாள். அடுத்த வாரம், மாதக் கணக்குக்காக அலுவலகத்திலிருந்து அவள் பட்டறை முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"போன மாசம் மாதிரியே போட்டுக்கோங்கம்மா. மூடிட்டேன்னு எழுதினீங்கன்னா பேங்க்காரன் வாசல்ல வந்து உக்காந்துக்குவான்" என்றார் அவர்.

முதலாளி சொல்வதே பதில். உறவினர் சொல்வது பதிலாகாது. அது விதி. நேரில் சென்று பார்க்கவேண்டும் என்பதும் விதிதான். குளிர் காலம் முழுவதும் அவள் அதைத் தள்ளிப்போட்டாள். மாதந்தோறும் முந்தைய எண்ணையே திரும்ப எழுதினாள். பிப்ரவரி இறுதியில், கீல் தொழிலாளர்களின் நிவாரண மனுவைத் தொழிலாளர் அலுவலகம் திருப்பியனுப்பியது. உற்பத்தி தொடர்ந்து வீழ்ந்தால்தான் நிவாரணம். இத்தொழிலில் உற்பத்தி வீழவில்லை என்று காரணம் கூறியது.

அன்று மாலை அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா சமையலறை நாற்காலியின் ஆடும் காலுக்கு ஆப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா அரசாங்கம், உக்காரு. இது இல்ல, அந்த நாற்காலி. விஷயம் தெரியுமா? நான் இன்னும் வேலை பாத்துக்கிட்டுதான் இருக்கேனாம். சம்பளம் மட்டும் வீட்டுக்கு வழி தெரியாம எங்கேயோ சுத்துது."

"சிரிப்பு வேற" என்றாள் அக்கா. "வாடகை பாக்கின்னு வீட்டு ஓனர் இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டார். நிவாரணம் வரும்னு சொல்லித்தான் இத்தனை நாள் அவர நிறுத்தி வெச்சிருந்தேன்."

"மாமா, அந்தக் கணக்க எழுதினது நான்தான்."

சுத்தியல் நின்றது. அக்கா குழாயை மூடினாள்.

"உனக்குத் தெரியும்ல?"

"முதலாளி சொல்றததான் எழுதணும், அக்கா."

"அப்ப நான் அழுதது?"

மாமா குறுக்கிட்டார்.

"விடு. ஒரு பட்டறைக் கணக்கு தப்பானா மொத்தத் தொழிலும் மாறிடுமா?"

"மாறும் மாமா. எல்லாத்துக்கும் போக முடியாதுன்னு ஒண்ண மட்டும் பொறுக்கி எடுப்போம். உங்க பட்டறை நாற்பது பட்டறைக்குச் சேர்த்து நிக்குது."

"நாற்பதுக்கா? அது பாவம், அதோட கூரையையே தாங்க முடியாம நின்னுச்சு."

"ஆபீஸ்ல போய்ச் சொல்லிடு" என்றாள் அக்கா.

"அவ வேலை போயிடும்."

"போகட்டும்."

"அப்படிச் சொல்லாத" என்றார் மாமா.

மறுநாள் கண்காணிப்பாளர் அம்மாளிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முழுதும் கேட்டபின் சொன்னார்.

"சொன்னது நல்லது. ஆனா வெளியிட்ட எண்ணத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. மூடின பட்டறையப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டு, அதே தொழில்ல ஓடுற ஒண்ணச் சேத்துடுங்க. அதுதான் நடைமுறை."

"மேடம், மூடினத எல்லாம் எடுத்துக்கிட்டே வந்தா, கணக்குல ஓடுறது மட்டும்தானே இருக்கும்?"

"நான் வேலைக்குச் சேந்த புதுசுல நானும் இதையேதான் கேட்டேன்" என்றார் அம்மாள். "தேநீர் ஆறுது, குடிங்க."

ஏப்ரல் இறுதியில், நகரின் மறுகோடியிலிருந்த புதிய பட்டறைக்கு அவள் நேரிலேயே சென்றாள். இரைச்சலில் காது அடைத்தது. முதலாளி அவளை உள்ளே அழைத்துச் சென்று, எண்ணெய் துடைத்துப் பளபளத்த இயந்திரங்களைக் காட்டினார்.

"ஊருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் பட்டறைய மூடிட்டார். பேங்க் ஏலத்துல மிஷினெல்லாம் பழைய இரும்பு விலைக்குக் கெடச்சுது. ஆள் ஒருத்தரும் கூட்டல. இருக்கிறவங்களையே ரெண்டு மணி நேரம் கூடுதலா நிக்க வெச்சேன். உற்பத்தி எப்படி ஏறியிருக்கு பாருங்க."

சுவரோரத்து இயந்திரத்தில் அவள் அறியாத ஒருவன் வேலை செய்துகொண்டிருந்தான். அவன் பற்றியிருந்த கைப்பிடியில் அதே மஞ்சள் பூப்போட்ட துணி, கரி படிந்து, இறுகச் சுற்றியபடியே இருந்தது. பிடியை அவன் இழுக்க, ஒரு கீல் தகடு தட்டில் விழுந்தது. அவள் நின்று பார்த்தாள். பிறகு முதலாளி சொன்ன எண்ணை எழுதிக்கொண்டாள். அது பிழையில்லாத எண்.

மே மாதம் இரண்டு முடிவுகள் வந்தன. கள அலுவலருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அவள் பணியில் நீடிப்பாள். கீல் தொழிலில் உற்பத்தி உயர்ந்துள்ளமையால், நிவாரணம் கேட்டுத் தொழிலாளர்கள் செய்திருந்த மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது. அம்முடிவு மாமாவின் பெயருக்கு, அவர்கள் காலி செய்துவிட்ட பழைய வீட்டு முகவரிக்குச் சென்று, பெறுவாரின்றித் திரும்பியது.