பேனலில் நின்ற பூஜ்யம்

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். கழிவுநீர் நிலையத்து அறையில் என் கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடுகிறது. திரையின் மேலே பட்டையாக இருக்கும் பேனலில் நேரம், பம்பின் வேகம், அதை ஒட்டித் தொட்டிக்குள் இருக்கும் விஷவாயுவின் அளவு. எல்லாம் நானே எழுதிய ஸ்கிரிப்ட், சின்ன நிரல்தான், இருபது வரிகூட வராது. பத்து நொடிக்கு ஒருமுறை சென்சாரிடம் எண்ணைக் கேட்டு வாங்கி மேலே போடும், அவ்வளவுதான்.

சென்சார் சில நேரம் பதில் சொல்லாது. அப்போது அந்த இடம் காலியாகி, பக்கத்தில் இருப்பதெல்லாம் நகர்ந்து, மறுபடி குதிக்கும். பார்க்கப் பார்க்க எரிச்சல். மேனேஜர் வேறு, உன் பேனலுக்கு என்னய்யா விக்கலா என்று கிண்டலடித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே ஒரு வரி சேர்த்தேன்: பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டு. அதற்கப்புறம் பேனல் ஆடவில்லை, அசையவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

தொட்டிக்குள் இறங்கும் ஃபிட்டர் என் தங்கை வீட்டுக்காரர். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவர் இடுப்பில் மாட்டும் வாயு மீட்டர் பழுதாகி ஒரு மாதமாகியிருந்தது. புதிது கேட்டு எழுதிய கடிதம் மேனேஜர் மேஜையில் கிடந்தது. அதனால் இறங்குமுன் எனக்கு ஃபோன் போடுவார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போட்டார்.

"மச்சான், எவ்வளவு காட்டுது?"

"ஜீரோ. தைரியமா இறங்குங்க மாப்பிள்ளை."

சென்சார் கம்பி ஒன்பது மணிக்கே அறுந்திருந்தது. அவரை மேலே தூக்கிப் போட்டு, மூச்சில்லை என்று சொன்னபோதும் என் பேனலில் பூஜ்யம்தான்.

விசாரிக்க வந்தவர்கள் அறுந்த கம்பியைப் படமெடுத்தார்கள், மேனேஜரைக் குடைந்தார்கள். என் ஸ்கிரிப்டை யாரும் திறக்கவில்லை. திறந்து காட்ட எனக்கும் துப்பில்லை. அவர்கள் போன கையோடு அந்த வரியை அழித்தேன். பேனலில் அந்த இடம் உடனே காலியானது.

ஒரு வாரம் கழித்துத் தங்கை வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"அண்ணா, நீ பார்த்துதானே சொன்ன?"

"பார்த்துதான் சொன்னேன்."

"அது போதும்ணா. அவங்க வீட்டுல எல்லாரும் உன்னைத்தான் குறை சொல்றாங்க. எனக்குத் தெரியாதா உன்னை?"

என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த வரியை எழுதிய கை அது. எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.