வாசனை இல்லாத கட்டில்

தமிழ்மணி வீட்டுக்கு வந்த கட்டில்களுக்கும் மெத்தைகளுக்கும் ஒரு ராசி இருந்தது. இன்றைக்கு உள்ளே வந்தால் நாளைக்கு வாசலுக்குப் போய்விடும். இரும்புக் கட்டில் உடம்புக்குள் ரீங்காரம் போடுகிறது என்றாள் அவன் மனைவி புனிதா. புது மரக்கட்டிலின் வார்னிஷ் தொண்டையை அடைத்தது. தேங்காய்நார் மெத்தைக்குள் பசை. கோரைப்பாயில் சாயம். வெறுந்தரையில் படுத்தாலோ, டைல்ஸ் ஒட்டிய கலவை இன்னும் நெடி அடிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துகொண்டாள். விழுப்புரத்தில் பாதிப் பேர் சாய்ந்தவுடன் குறட்டை விடுகிறார்கள், தன் பெண்டாட்டி தலையில் மட்டும் இப்படி எழுதியிருக்கிறதே என்று அவன் நொந்துகொள்ளாத நாளில்லை.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. திண்டிவனத்தில் ஒரு மெத்தைக் கடையில் வேலை பார்த்தவள். நாள் முழுக்க ஃபோம் மெத்தைகளின் நடுவில் நின்று, வருகிறவர்களைப் படுத்துப் பார்க்கச் சொன்னவள். ஒருநாள் ஏசி அறையில் அவள் தனியாக இருந்தபோது இன்வெர்ட்டர் பேட்டரி வெந்து புகைந்தது. கதவு திறக்கவில்லை. வெளியே இழுத்துப் போட்டபோது மூச்சு இருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து சோப்பு வாடைக்கே தலை சுற்றும். கரண்ட் ஓடுகிற சுவர்ப் பக்கம் போனால் தோல் எரியும். டாக்டர்கள் பார்த்துவிட்டு எல்லாம் மனசு என்றார்கள்.

தமிழ்மணியும் முதலில் அப்படித்தான் நினைத்தான். ஒரு மத்தியானம் அவள் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "பக்கத்து வூட்ல ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டுட்டாங்க" என்றாள். மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்தான். போட்டிருந்தார்கள். சத்தமும் இல்லை, வாடையும் இல்லை, நடுவில் இரண்டு சுவர். அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் அவன் சந்தேகப்பட்டதில்லை. படுக்கையறைக்குப் போகும் ஒயரையே பிடுங்கிப் போட்டான்.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் பிழைப்பே செல்போன் ரிப்பேர்தான். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கடை. சால்டரிங் புகையும் தின்னர் வாடையுமாக வீடு திரும்புகிறவனை அவள் எப்படிப் பக்கத்தில் சேர்ப்பாள்? அவன் கூடத்தில் படுத்தான். உள்ளே அவள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். கண் குழி விழுந்து, வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு இளைத்துப்போனாள். "தூங்க எடமில்லன்னா இந்த உடம்ப வெச்சிக்கினு இன்னாங்க பண்றது?" என்று ஒருநாள் கேட்டாள். அவள் தூங்க வேண்டும், அவள் பக்கத்தில் தானும் படுக்க வேண்டும். வேறு எதையும் அவன் ஆசைப்படவில்லை.

போனைச் சரிசெய்யக் கடைக்கு வந்த கோவிந்தம்மாள்தான், அவன் புலம்பலைக் கேட்டுவிட்டு வழி சொன்னாள். "எங்க வளவனூர் வூட்ல பழைய கட்டில் ஒண்ணு மோட்டார் கொட்டாயில கெடக்குது தம்பி. ஒரு இரும்பாணி கெடையாது. சும்மாவே எடுத்துக்கினு போ."

போய்ப் பார்த்தான். பூவரச மரம். இணைப்பெல்லாம் மர ஆணி. காந்தத்தை வைத்து ஓட்டினான், எங்கும் ஒட்டவில்லை. குனிந்து முகர்ந்தான். "பாலிஷ் போட்டீங்களாக்கா? பூச்சி மருந்து அடிச்சீங்களா? பெயிண்ட்டு?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அவன் கேட்கக் கேட்க, அவள் இன்னும் ஏதோ ஒன்றை எதிர்பார்ப்பதுபோல் நின்றாள். பழைய கட்டில் வாங்குகிற எவரும் இந்தப் பக்கத்தில் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. மூக்கும் காந்தமுமாக இருந்தவனுக்கு அது தோன்றவே இல்லை.

திண்டிவனத்திலிருந்து இலவம்பஞ்சு வாங்கி வெயிலில் காயவைத்தான். வெறுந்தண்ணீரில் பலமுறை அலசிய பழைய வேட்டிகளைத் தைத்து, பஞ்சை அடைத்து மெத்தையாக்கினான். புனிதா தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். மரத்தைத் தடவினாள். படுத்தாள். அவன் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வருவதற்குள் தூங்கிவிட்டாள். தமிழ்மணி சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அவள் முகம் தெளிந்தது. எரிச்சல் என்ற பேச்சே போயிற்று. பகலிலும் தூங்கினாள். பிறகு சாப்பாட்டுக்கே எழுப்ப வேண்டியிருந்தது. விட்ட தூக்கத்தையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிறாள் என்று அவன் சமாதானம் சொல்லிக்கொண்டான். எப்போதும் சுவரோரமாக ஒடுங்கித்தான் படுப்பாள். பாதிக் கட்டில் காலியாக இருக்கும். அது தனக்காக விட்ட இடம் என்று அவனுக்கு உள்ளூர சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயத்தமாவு தேய்த்துக் குளித்தான். மெத்தைக்குப் போக மிஞ்சிய வேட்டியைக் கட்டிக்கொண்டு, மத்தியானம் மெல்லப் போய் அவள் பக்கத்தில் படுத்தான். ஜன்னலில் நல்ல வெயில். முதுகு பட்ட இடம் மட்டும் சில்லென்று இருந்தது. தொட்டுப் பார்த்தான், ஈரம் இல்லை.

"எழுந்திருங்க," என்றாள் புனிதா, கண்ணைத் திறக்காமல். "அவங்க மேல படுத்துட்டீங்க."

"யாரு மேல?"

"ஒரு அம்மா. பேசமாட்டாங்க. அவங்ககிட்ட ஒரு வாசனையும் இல்லீங்க, கரண்ட்டும் இல்ல. அவங்க பக்கத்துல இருந்தா எனக்கு எரியவே மாட்டேங்குது."

துள்ளி எழுந்தான். பஞ்சில் பள்ளம் விழுந்திருந்தது. அவனோ நெட்டை ஆள், மல்லாந்து படுத்திருந்தான். பள்ளம் குட்டையாக, முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்த உருவமாக இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றான். அமுங்கிய பஞ்சு மேலெழவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வளவனூர் போனான். கோவிந்தம்மாள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்ததை முறத்தில் போட்டாள்.

"யாருக்கா அதுல படுத்திருந்தது?"

"எங்க மாமியாரு, வெள்ளையம்மா. உசிரு போற நேரத்துல கட்டில்லேர்ந்து கீழ எறக்கிப் போடணுமில்ல? நாங்க எல்லாம் கரும்பு வெட்டுக்குப் போயிட்டோம். தனியா கட்டில்லயே போயிடுச்சு. அப்படிப் போனவங்க கட்டில வுட்டு எறங்கமாட்டாங்கன்னு சொல்லுவாங்க. மெத்தயக் கொண்டுபோய் சுடுகாட்டுல போட்டோம். கட்டில எரிக்க எங்க வூட்டுக்காரருக்கு மனசு வரல."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"கேட்டா சொல்லலாம்னுதான் நின்னுக்கினு இருந்தேன். நீ பெயிண்ட்டத்தான தம்பி கேட்ட."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. புனிதா அதே ஓரத்தில், விட்டுப்போன மாதிரியே கிடந்தாள். கட்டிலை வெளியே போடப்போகிறேன், எழுந்திரு என்றான்.

"வேணாங்க. இப்பத்தான் தூங்கறேன்."

"அப்ப நான் எங்க படுக்கறது புனிதா?"

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பிரியமாகப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த அதே பார்வை. "நீங்களும் படுக்கலாங்க. உங்க நெஞ்சுல கரண்ட்டு அடிக்குது பாருங்க, டொக்கு டொக்குன்னு, அது நின்னதும் வந்து படுத்துக்குங்க. எடம் இருக்குது."

அவன் கட்டிலோரம் குனிந்தான். "உனக்கு அடிக்கலியா?"

"கொறஞ்சிக்கினே வருது," என்றாள். "நல்லா இருக்குதுங்க."

அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடினான். கிடைக்கவில்லை. காதுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினான். நெடுநேரம் கழித்து ஒன்று அடித்தது. அடுத்தது வருமா என்று காத்திருக்க அவனால் முடியவில்லை. அவளை அப்படியே வாரித் தூக்கினான். கனமே இல்லை. ஃபேனும் டிவியும் ஓடுகிற, அவன் போன் சார்ஜில் கிடக்கிற கூடத்துக்கு ஓடி, டைல்ஸ் தரையில் அவளைக் கிடத்தி, தன் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டான்.

முதலில் ஒன்றுமில்லை. உள்ளே, காலிக் கட்டிலில் யாரோ புரண்டு படுப்பதுபோல் மரம் முனகியது. பிறகு புனிதாவின் கழுத்தில் தோல் சிவக்கத் தொடங்கியது. சிவப்பு தோளுக்குப் பரவியது. மூச்சை இழுத்தாள்.

"எரியுதுங்க," என்று அலறினாள். "வுட்ருங்க. என்ன அங்கியே வுட்ருங்க."

அவள் நகம் அவன் முதுகைக் கிழித்தது. கழுத்து நரம்பு தடதடவென்று துடித்தது. கட்டியவள் இப்படித் துடிக்கும்போது சந்தோஷப்படுகிறோமே என்று தமிழ்மணிக்கு வெட்கமாக இருந்தது. அவன் பிடியை விடவில்லை.