ஆர்க்கிட் மறைத்த படம்

ஹொசாகாவின் படங்களில் எல்லாருக்கும் இளஞ்சிவப்பு முடி, தட்டு அளவு கண், நிழலே விழாத பளபளப்பு. இந்தத் தடவை அப்படி ஏழு படங்கள் மாட்டியிருந்தான். அவன் மாட்டிவிட்டுப் போனபின் நான் மாட்டியது ஒன்றே ஒன்று. சிப்பியை அரைத்த வெள்ளைப் பொடியைப் பசையில் குழைத்து, குளிர்காலம் முழுக்கப் பூச்சுக்கு மேல் பூச்சாகப் போட்டு வரைந்த ஆற்றுப்பனி. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தான் அதற்குள் ஒரு படகு இருப்பது தெரியும்.

கல்லூரியை விட்டதிலிருந்து ஆண்டுதோறும் கின்ஸா கடைவீதியில் இதே மாடி அறையை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, இருவரும் சேர்ந்தே கண்காட்சி வைக்கிறோம். இப்போது அவன் பேர் வாங்கிவிட்டான், தொலைக்காட்சியில்கூட வருகிறான். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் எனக்கு அவன் வேண்டும். என் படத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இந்த இடத்துல உனக்குக் கை தயங்கியிருக்கு பாரு" என்று சொல்ல உலகத்தில் அவனை விட்டால் எனக்கு ஆள் கிடையாது.

முதல் நாளே அவனுக்கு வாழ்த்துப் பூக்கள் வந்தன. ஆளுயரத் தாங்கிகள் இரண்டில் வெள்ளை ஆர்க்கிட், அனுப்பியவர்களின் பெயர்ப்பலகையோடு. நான் வெளியே போய்ச் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுத் திரும்புவதற்குள், பூக்கடைக்காரர் இரண்டு தாங்கிகளையும் என் படத்தை மறைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். காலிச் சுவர் என்று நினைத்திருப்பார், பாவம்.

நகர்த்தப் போனேன். அப்புறம் ஒரு வீம்பு வந்துவிட்டது. ஹொசாகா வரட்டும், அவனே கவனித்துக் கேட்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

வாரம் முழுக்கக் கூட்டம். பூவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட பெண்ணொருத்தி என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க இங்க வேலை பாக்கறீங்களா? ஹொசாகா சார் எப்ப வருவாரு?"

"கடைசி நாள் வருவாரு."

"நீங்களும் வரைவீங்களா?"

"ஏதோ கிறுக்குவேன்."

அவள் குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தாள். நான் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேருக்கு நடுவில் இவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை.

கடைசி நாள் மாலை அவன் வந்தான். ரசிகர்கள் அவனை ஆர்க்கிட் முன்னாலேயே நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவன் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் என் ஆறு. கூட்டம் கலைந்ததும், கையிலிருந்த இனிப்பு டப்பாவோடு என்னிடம் வந்தான்.

"என்ன நிஷினோ, இப்படி இளைச்சுட்ட. ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?"

"உன்ன மாதிரி எனக்கு தினம் விருந்தா நடக்குது?"

சிரித்தான். "உன் படம் பாத்தேன். இந்த வருஷம் ரொம்ப அமைதியா வந்திருக்கு."

முகத்தில் துளி தயக்கம் இல்லை. அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று இங்கே நாங்கள் எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிற பேச்சுதான். என்னிடம் மட்டும் அவன் அப்படிப் பேசியதில்லை.

நன்றி சொல்லிக் குனிந்தேன். நிமிரக் கொஞ்ச நேரமாயிற்று.

"அடுத்த வருஷத்துக்கும் ரூம் சொல்லி வச்சிடலாமா?" என்றான்.

"யோசிக்கிறேன்."

எங்களுக்குள் அப்படிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம். அது அவனுக்கும் தெரியும்.

"அப்படியா. சரி" என்றான். டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பூவை நகர்த்திக் காட்டியிருப்பேன்.