ஒன்பதாம் பாட்டுக்கு நடுத்துண்டு

எங்கள் ஊரில் யாராவது ஒரு பழைய சினிமாப் பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவுசெய்ய வேண்டுமென்றால், அந்தப் பாட்டு முதலில் பாடகர் வீட்டுக்கு வந்து இருபத்தொரு நாள் தங்கும். வீட்டில் என்ன சமையலோ அதைத்தான் அதுவும் சாப்பிடும். இருபத்தொன்றாம் நாள், வீட்டுப் பொறுப்பில் இருப்பவர் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டு ஸ்டூடியோவுக்குள் போக முடியும். இது பாட்டு வாரியத்தின் விதி. நியாயமான விதிதான், நான் குறை சொல்லவில்லை.

என் மனைவி கிளாடிஸ் ஜாஸ் பாடுகிறவள். சனிக்கிழமை சாயங்காலங்களில் துறைமுகத்துக்குப் பக்கத்து ஓட்டலில் மூன்று பேர் வாசிக்க இவள் பாடுவாள். போன வருஷம், பன்னிரண்டு பழைய பாட்டுகளை ஜாஸாகப் பாடி ஒரு ஆல்பம் போடப் போவதாகச் சொன்னாள். தாராளமாகப் போடு என்றேன். முதல் எட்டுப் பாட்டு வந்து போனதில் பெரிய தொந்தரவு ஒன்றுமில்லை. சைக்கிள் பாட்டு விடிந்தால் போதும், மணியடிக்கும். மழைப் பாட்டு போன பிறகு மெத்தையை மூன்று நாள் மாடியில் காயப்போட்டோம். சோகப் பாட்டு தினமும் வெங்காயம் உரித்துக் கொடுத்தது. எப்படியும் அழத்தானே போகிறேன் என்றது. எட்டுக் கடிதத்திலும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாவதாகப் படகுப் பாட்டு வந்தது. நான் பிறந்த வருஷத்துப் படத்தில் வந்த பாட்டு. எனக்கு ஐம்பத்தெட்டு என்றால் அதற்கும் ஐம்பத்தெட்டு. ஆனால் பார்த்தால் முப்பதுக்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். தலையில் ஒரு நரை கிடையாது. ஒரு சின்னத் தோல்பையோடு வந்து, செருப்பை ஒழுங்காக வரிசையில் விட்டு, "வணக்கம் அண்ணாச்சி" என்றது. அண்ணாச்சியாம்.

அன்றைக்கு ஊளி மீன் குழம்பு. இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் நடுத்துண்டு எனக்குத்தான். கிளாடிஸ் அதை எடுத்துப் பாட்டின் தட்டில் வைத்தாள். என் தட்டில் வால் விழுந்தது.

"அவுகளுக்கு முள்ளு ஆகாது" என்றாள்.

இருபத்தாறு வருஷமாக அவள் வாயில் 'அவுக' என்றால் அது நான்தான். எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. எரிந்தது, அவ்வளவுதான்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் பயிற்சி. பாட்டு ஹாலில் நடுவாக நிற்கும். கிளாடிஸ் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பாடுவாள். பழைய வேகத்தில் பாதிதான். படகு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. ஓர் இடத்தில் அவள் மூச்சை நிறுத்துவாள், பாட்டும் நிறுத்தும், இருவரும் சும்மா இருப்பார்கள். சும்மா இருப்பதற்கு என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கிறது? என் முன்னால் அவள் கண்ணை மூடினாள் என்றால் அது கண்ணில் சொட்டு மருந்து விடும்போதுதான்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். இருந்தும் அந்த வாரத்திலிருந்து என் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அது இல்லாவிட்டால் நான்கு வயது குறைவாகத் தெரிவேன் என்று கடையில் வேலை செய்யும் பெண் சொன்னாள். கடையில் இரண்டு பேருக்கு இடது கண் லென்ஸையும் வலது கண் லென்ஸையும் மாற்றி மாட்டிக் கொடுத்தேன். அவர்களும் நல்லாத் தெரியுது என்று வாங்கிப் போனார்கள்.

இருபத்தொன்றாம் நாள் கிளாடிஸ் கடிதத்தை நீட்டினாள்.

"போட மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"பொறாமை."

"அப்படின்னா அதுக்கு வேற படிவம்லா" என்று அலமாரியைத் திறந்து ரோஸ் நிறப் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். பேனாவும் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் நடுத்துண்டு என்று எழுதினேன். பாட்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் வாரியத்திலிருந்து பாக்கியத்தாய் என்ற அதிகாரி வந்தார். காப்பி குடித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பினார்.

"பின்பக்கம் படிச்சீங்களா சார்?"

"கண்ணாடி போடலை."

அவரே படித்தார். ஆல்பத்தில் பன்னிரண்டு இடம் என்றால் பன்னிரண்டும் நிரம்ப வேண்டும். ஒரு பாட்டைத் தடுப்பவர் அதன் இடத்தில் தானே நிற்க வேண்டும். தடுக்கப்பட்ட பாட்டு அவருடைய இடத்தில் இருந்து வீட்டுப் பொறுப்பைப் பார்க்க வேண்டும். வாசித்து முடித்து, முத்திரை குத்திவிட்டுப் போனார்.

அன்று முதல் நான் ஒன்பதாம் பாட்டு. படகுப் பாட்டு என் சாவியை வாங்கிக்கொண்டு கடை திறக்கப் போயிற்று. அது கடையில் இருந்த நாட்களில் வியாபாரம் நன்றாக நடந்ததாகச் சொன்னார்கள். நடக்கட்டும். மத்தியானம் கிளாடிஸ் நடுத்துண்டை என் தட்டில் வைத்தாள். பாட்டு வாலைச் சாப்பிட்டது. முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்தது.

பிறகு என்னை ஹாலில் நடுவாக நிற்க வைத்துக் கண்ணை மூடினாள்.

அவள் என்னை மிக மெதுவாகப் பாடினாள். நான் படியேறும் மாதிரி ஆரம்பித்து, மூன்றாம் படியில் நான் நிற்கும் இடத்தில் அவளும் நின்றாள். நடுவில் என் இருமல் வருகிறது. அதை எடுத்துவிடலாம் என்று ஓட்டலில் அவளுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் சொன்னதற்கு, "இருக்கட்டும், அவுக இருமல்" என்றாள். கல்யாணமான புதிதில் நான் அவளிடம் சொல்ல நினைத்து விட்டுப்போன ஒன்று எனக்குள் இருந்திருக்கிறது. எனக்கே மறந்துபோயிருந்தது. அவள் அதை இரண்டாம் சரணத்தில் கண்டுபிடித்து ஒரு தடவைக்கு இரு தடவையாகப் பாடினாள். பாட்டுக்குத் தொண்டை அடைக்கக் கூடாது என்பதால் சமாளித்துக்கொண்டேன்.

இருபது நாள் அப்படிப் போயிற்று. இனி ஸ்டூடியோதான் பாக்கி. அங்கே போய்ப் பதிவாகிவிட்டால் நான் அவள் குரலிலேயே இருந்துவிடுவேன், யாரும் என்னைப் பிரித்தெடுக்க முடியாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

இருபத்தொன்றாம் நாள் கடிதம் படகுப் பாட்டின் முன்னால் இருந்தது. அது பேனாவை மூடி வைத்துவிட்டது.

"என்னப்பா?" என்றேன்.

"பொறாமை, அண்ணாச்சி" என்றது. முகம் சின்னதாகியிருந்தது. முன்நெற்றியில் இரண்டு நரை வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கிளாடிஸ் ரோஸ் படிவம் எடுக்க எழுந்தாள். அந்த நேரம் வாசலில் மணி அடித்தது. பத்தாம் பாட்டு, ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. ஊஞ்சல் பாட்டாம். இருபது வயதுகூடச் சொல்ல முடியாது. கிளாடிஸ் கண்ணை மூடிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள். "வாங்க, முதல்ல சாப்பிடுங்க" என்று கூட்டிப்போனாள். அன்றைக்கும் ஊளி மீன். நடுத்துண்டு எங்கே போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் இருவர் தட்டிலும் குழம்பு மட்டும் இருந்தது.

நானும் படகுப் பாட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அலமாரியைத் திறந்து இரண்டு ரோஸ் படிவம் எடுத்தேன். இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பின்பக்கத்தைப் படித்தேன். ஒரே பாட்டை இருவர் தடுத்தால், அதன் இடத்தில் இருவரும் சேர்ந்து டூயட்டாக நிற்க வேண்டும் என்று போட்டிருந்தது. வீட்டை ஊஞ்சல் பாட்டு பார்த்துக்கொள்ளும்.

இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஹாலில் நடுவாகப் போய் நின்றோம். அவள் கை கழுவி வருவதற்குள் சுருதி சேர்த்துப் பார்த்தோம். படகுப் பாட்டு என்னைவிட அரைக்கட்டை மேலே இருந்தது.